கூண்டு ஏற்றிய நாள்

சென்னையில் எங்கே மழை பெய்தாலும் கணக்கு மட்டும் நுங்கம்பாக்கத்திலும் மீனம்பாக்கத்திலும்தான். சின்ன வயதில் ரேடியோவில் இதைக் கேட்டுக் கேட்டு, அந்த இரண்டு ஊர்களில் பெய்து மிச்சமிருந்தால்தான் ராயபுரத்துக்கு வரும் என்று நினைத்திருந்தேன். நுங்கம்பாக்கத்துக்கு அந்த உரிமை பழையது. 1792-லேயே கிழக்கிந்தியக் கம்பெனிக்காரர்கள் அங்கே வானாய்வுக் கூடம் கட்டிவிட்டார்கள். இப்போது நிலைமை கொஞ்சம் மாறியிருக்கிறது. தானியங்கி மழைமானிகள் வந்த பிறகு கத்திவாக்கம், மணலி, தண்டையார்பேட்டை என்று எங்கள் பக்கத்துப் பெயர்களும் பட்டியலில் வருகின்றன. சில நாள் பட்டியலின் தலையிலேயே இருக்கின்றன. ஆனாலும் டிவியில் முதலில் சொல்வது அந்த இரண்டு பாக்கங்களைத்தான்.

இதில் வேடிக்கை என்னவென்றால், மேகத்தைப் பார்க்கிற கண் இருப்பது எங்கள் பக்கம். ராஜாஜி சாலையில் துறைமுகத்தின் நூற்றாண்டுக் கட்டிடத்து உச்சியில் வெள்ளையாக ஓர் உருண்டை தெரியும். பூக்கடைக்கும் பீச் ஸ்டேஷனுக்கும் போகிற எத்தனையோ பேர் அதைத் தண்ணீர்த் தொட்டி என்றே நினைத்திருப்பார்கள். அதற்குள்ளேதான் டாப்ளர் ராடார் சுற்றிக்கொண்டிருக்கிறது, 2002-லிருந்து. மழைக்காலத்தில் செல்போனுக்குச் செல்போன் பறக்கிறதே, பச்சை மஞ்சள் சிவப்பாகத் திட்டுத் திட்டாக ஒரு படம், அதன் நடுப்புள்ளி அந்த உருண்டைதான். என் வீட்டிலிருந்து நடந்தே போய்விடலாம்.

இந்த நவம்பரில் ஒரு நாள் சிவப்பு எச்சரிக்கை கொடுத்தார்கள். முந்தின நாள் இரவே பள்ளிகளுக்கு விடுமுறை. எங்கள் அலுவலகத்திலும் வீட்டிலிருந்தே பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டார்கள். துறைமுகத்தை நம்பிப் பிழைக்கிற கிளியரிங் ஏஜென்ட் அலுவலகம் அது. கப்பல் உள்ளே வராவிட்டால் பெட்டி இறங்காது, பெட்டி இறங்காவிட்டால் எனக்கு லாரிக்காரரோடு சண்டை இல்லை. வருஷத்தில் இப்படி அமைகிற நாட்கள் குறைவு.

காலையில் எழுந்து பார்த்தால் மொட்டை மாடியில் சுள்ளென்று வெயில். அம்மா ஈரத்துணி பக்கெட்டோடு நின்றுகொண்டிருந்தார்.

"ரெட் அலர்ட்டுன்னானுங்க, வெயிலு அடிக்குது. துணிய காயப் போடலாமா வேணாமாடா?"

வானிலை ஆய்வு மையம் எத்தனை பக்கம் அறிக்கை விட்டாலும் கடைசியில் மக்களுக்கு வேண்டியது இந்த ஒரு கேள்விக்குப் பதில். அதை மட்டும் யாரும் சொல்வதில்லை. எனக்கும் தெரியவில்லை. போடுங்கள், பார்த்துக்கொள்ளலாம் என்றேன்.

மகள் எட்டாம் வகுப்பு. விடுமுறை விட்டுவிட்டு மழை பெய்யாமல் போனால் அதைத் திருப்பி வாங்கிக்கொள்வார்களா என்பது அவள் கவலை. சிவப்பு என்றால் என்ன என்று அவளுக்குச் சொன்னேன். ஒரு நாளில் 7 சென்டிமீட்டரிலிருந்து கனமழை, 12-லிருந்து மிக கனமழை, 20-ஐத் தாண்டினால் அதி கனமழை. அந்த அதி கனமழைக்கு வாய்ப்பிருந்தால் சிவப்பு. 'வாய்ப்பு' என்ற சொல்லை அவள் பிடித்துக்கொண்டாள். எச்சரிக்கை கொடுப்பது ஒரு மாவட்டம் முழுதுக்கும். மழையோ கடலிலிருந்து பட்டை பட்டையாக வருகிறது. ஒரு பட்டை திருவொற்றியூரை நனைத்துவிட்டுத் திருவல்லிக்கேணியைத் தொடாமலே போகும். காற்றழுத்தத் தாழ்வுப் பகுதி கொஞ்சம் வடக்கே நகர்ந்தால் நமக்குரியது ஆந்திராவுக்குப் போய்விடும். 2024 அக்டோபரில் அப்படித்தான் ஆனது. ஊரே பயந்து, வேளச்சேரி மேம்பாலத்தில் கார்களை வரிசையாக ஏற்றி நிறுத்தினார்கள். சிவப்பு என்று சொன்ன நாளில் மழை ஏமாற்றிவிட்டது. எங்கள் தெருவில் அந்தக் கூத்து நடக்காது. காரே நுழையாத தெரு இது. வண்டியைத் தாழ்வாரத்தில் ஏற்றிக் கட்டிலுக்குப் பக்கத்தில் நிறுத்திக்கொள்வோம்.

"அப்ப நாளுன்னா எது? ராத்திரி பன்னண்டுலேந்தா?" என்றாள்.

இல்லை. வானிலைக்காரர்களின் நாள் காலை எட்டரைக்குத் தொடங்கி மறுநாள் எட்டரைக்கு முடிகிறது. எட்டேகாலுக்குக் கொட்டினால் நேற்றைய கணக்கு, எட்டே முக்காலுக்குக் கொட்டினால் இன்றையது. இதைக் கேட்டதும் அவளுக்கு உற்சாகம் வந்துவிட்டது. பரணிலிருந்து ஒரு பழைய பிஸ்கட் டின்னை இறக்கி, மொட்டை மாடியில் சுவர் மறைக்காத இடமாகப் பார்த்து வைத்தாள். சுவர் நேராக இருக்கிற டின்னாக இருந்தால் போதும். எவ்வளவு அகலமானாலும் உள்ளே நிற்கும் தண்ணீரின் உயரம்தான் மழையின் அளவு. வாய் அகன்று அடி குறுகின பக்கெட் ஆகாது, அது மழையைக் கூட்டிக் காட்டும். காற்று அடித்தால் டின் கவிழும் என்று பக்கத்தில் இரண்டு செங்கல்லை அண்டக் கொடுத்தாள்.

டிவியில் கீழே எழுத்து ஓடிக்கொண்டிருந்தது: சென்னை, எண்ணூர், காட்டுப்பள்ளி துறைமுகங்களில் 3-ஆம் எண் புயல் எச்சரிக்கைக் கூண்டு. அப்பா இருந்திருந்தால் இதற்கு மட்டும் பேப்பரிலிருந்து தலையைத் தூக்கியிருப்பார். ஹார்பரில் டாலி கிளார்க்காக இருந்தவர் அவர். கப்பலிலிருந்து இறங்குகிற மூட்டையையும் பெட்டியையும் எண்ணிக் குறிக்கிற வேலை. புயல் எங்கே கரை கடக்கும் என்று தெருவே பட்டிமன்றம் நடத்தும்போது அவர் கூண்டு எண்ணை மட்டும் கேட்பார். 1, 2 என்றால் எங்கோ தூரக் கடலில் நடக்கிறது, நமக்கில்லை. 3, 4 என்றால் துறைமுகத்துக்கே காற்று வரலாம், கயிற்றை இறுக்கு. 5 வந்தால் அபாயம் ஆரம்பம். 5, 6, 7 மூன்றும் ஒரே வலுவுள்ள புயலுக்குத்தான், ஆனால் அது துறைமுகத்தை எந்தப் பக்கம் விட்டுக் கடக்கப் போகிறது, அல்லது தலைக்கு மேலேயே வருகிறதா என்பதில் வித்தியாசம். 8, 9, 10-ம் அதே மாதிரி, பெரிய புயலுக்கு. 11 என்றால் தகவல் தொடர்பே அறுந்துவிட்டது என்று அர்த்தம். வார்தா புயல் வந்த 2016 டிசம்பர் 12 அன்று அவர் ஜன்னலோரம் உட்கார்ந்து, "இன்னிக்கு பத்து" என்று மட்டும் சொன்னது நினைவிருக்கிறது. அப்புறம் எதிர்வீட்டுத் தகரம் எங்கள் மாடிக்கு வந்தது.

கூண்டு ஏறினால் காசிமேட்டில் டோக்கன் கொடுக்கமாட்டார்கள். டோக்கன் இல்லாமல் படகு போகாது. படகு போகாவிட்டால் எங்கள் வீட்டில் கருவாடு. அம்மா நெத்திலிக் கருவாட்டை எடுத்துத் தலையைக் கிள்ளிப் போட ஆரம்பித்திருந்தார். கட்டைவிரல் நகத்தால் ஒரே அழுத்து, தலை தனியாக வந்துவிடும், குடலும் அதோடு போய்விடும். வெந்நீரில் கொஞ்ச நேரம் ஊறவைத்து, கையால் அலசி எடுத்து, தண்ணீரைச் சாய்க்காமல் கருவாட்டை மட்டும் மேலாக அள்ளுவார். சாய்த்தால் அடியில் நிற்கும் மணல் திரும்ப ஏறிக்கொள்ளும். கத்திரிக்காயும் மொச்சையும் புளிக்குழம்பில் வெந்த பிறகு கடைசியில்தான் கருவாடு. உப்பு அதற்கும் பிறகு, ருசி பார்த்துவிட்டு.

பாத்திரத்தின் அடியைக் காட்டி, "முன்னாடில்லாம் ஒரு கைப்பிடி மண்ணு நிக்கும். இப்ப ஒண்ணுமில்ல பாரு" என்றார்.

உண்மைதான். முன்பு கருவாடு கடற்கரை மணலில் காய்ந்தது. இப்போது சிமெண்ட் தரையிலும் சாலையோரத்துத் தார்ப்பாயிலும் காய்கிறது. மணல் இருந்தால்தானே மணலில் காயப்போட?

அந்த மணல் எங்கே போனது என்பது துறைமுகத்தின் கதை. 1870-களில் இங்கே கடலுக்குள் இரண்டு கைகளை நீட்டிச் சுவர் கட்டத் தொடங்கினார்கள். அதுவரை சென்னைக்குத் துறைமுகமே கிடையாது. கப்பல்கள் தூரத்தில் நங்கூரம் போட, மசூலாப் படகுகளில் அலையைத் தாண்டிச் சரக்கையும் ஆளையும் ஏற்றி இறக்கினார்கள். சுவர் முடிகிற சமயத்தில், 1881-ல் வந்த புயல் அதை உடைத்துப் போட்டது. திரும்பக் கட்டினார்கள். அந்தச் சுவர் கப்பல்களைக் காத்தது, சரி. கூடவே மணலையும் நிறுத்திவிட்டது. இந்தக் கடற்கரையில் வருஷத்தின் பெரும்பகுதி அலைகள் தெற்கிலிருந்து சாய்வாக வந்து மணலை வடக்கே தள்ளிக்கொண்டே இருக்கும். குறுக்கே சுவர் வந்ததும் தெற்கில் வந்த மணல் அங்கேயே குவிய ஆரம்பித்தது. வடக்கில் கடல் எடுத்துக்கொண்டுபோன மணலுக்கு ஈடாக எதுவும் வரவில்லை. தெற்கே குவிந்ததைப் பார்த்து ஆளுநர் கிராண்ட் டஃப் 1884-ல் உலாவும் பாதை போட்டு அதற்கு மெரினா என்று பெயர் வைத்தார். வடக்கே ராயபுரம், காசிமேடு, திருவொற்றியூர் என்று கரை கரைந்துகொண்டே போனது. ஊர்க்காரர்கள் சுண்டல் வாங்கிக்கொண்டு காற்று வாங்குகிற மணலில் எங்களுக்கும் பங்குண்டு என்று நான் சொன்னால் தெற்குச் சென்னை நண்பர்கள் சிரிக்கிறார்கள். பொறியாளர்களைக் கேளுங்கள், சிரிக்கமாட்டார்கள்.

அரிப்பைத் தடுக்கக் கருங்கல் கொட்டினார்கள். எண்ணூர் விரைவுச் சாலையில் போனால் கடலுக்குப் பதிலாகக் கல்தான் கண்ணில் படும். அதிலும் ஒரு சங்கடம். ஓர் இடத்தில் கல்லைப் போட்டு மணலைப் பிடித்தால் அதற்கு வடக்கே இருக்கிறவனுக்கு மணல் குறையும். காசிமேட்டைக் காப்பாற்றினால் திருவொற்றியூரைக் கடிக்கும், அங்கே போட்டால் இன்னும் வடக்கே போகும். இப்படியே எண்ணூர்வரை துரத்திக்கொண்டு போயிருக்கிறார்கள்.

பதினொரு மணிவாக்கில் மழை வந்தது. வந்த வேகத்தில் துணி எடுக்க மாடிக்கு ஓடிய அம்மாவும் நனைந்தார், துணியும் நனைந்தது. அடுத்த ஒரு மணி நேரம் எதிர்வீட்டுச் சுவர் தெரியவில்லை. செல்போனில் அதற்குள் குரல் பதிவுகள் வர ஆரம்பித்துவிட்டன. யாரென்றே தெரியாத ஒருவர் பதறிப்போய்ப் புழல் ஏரியைத் திறந்துவிட்டார்கள் என்கிறார். இன்னொருவருக்குப் பூண்டி. புழல் உபரி நீர் சடையங்குப்பம் வழியாக எண்ணூர்ப் பக்கம் போய்க் கடலில் சேரும், எங்கள் கல்மண்டபத்துக்கு வராது என்று தெருவுக்கே தெரியும். ஆனாலும் பக்கத்து வீட்டு ஆயா பீரோவின் கீழ்த்தட்டிலிருந்து பத்திரங்களை மேல்தட்டுக்கு மாற்றிவிட்டார்.

வதந்திக்கு ஓடுவது எங்கள் ஊரில் புதிதில்லை. 1914 செப்டம்பர் 22 இரவு எம்டன் என்ற ஜெர்மானியப் போர்க்கப்பல் வந்து சுமார் 130 குண்டுகளைச் சுட்டுவிட்டு அரை மணி நேரத்துக்குள் போய்விட்டது. குறி துறைமுகத்தையொட்டி இருந்த பர்மா ஆயில் கம்பெனியின் எண்ணெய்த் தொட்டிகள். அவை பற்றி எரிந்ததை முதலில் பார்த்தது இந்தப் பக்கத்துக்காரர்கள்தான். அந்த வெளிச்சத்தில் அரிசியில் கல் பொறுக்கலாம் போலிருந்தது என்று பாட்டிக்கு அவருடைய அம்மா சொன்னதாக வீட்டில் ஒரு பேச்சு உண்டு. கப்பல் போன பிறகுதான் வேடிக்கை. மறுபடி வரும், இன்று வரும், நாளை வரும் என்று பேசிப் பேசியே ஆயிரக்கணக்கில் ஊரைக் காலி செய்துகொண்டு போனார்கள். எம்டன் திரும்ப வரவேயில்லை. 1942-ல் ஜப்பான்காரன் வருகிறான் என்று இன்னொரு தடவை நகரமே காலியானது. இந்தக் குரல் பதிவுகளைக் கேட்கும்போது எனக்கு அந்த நாட்கள்தான் ஞாபகம் வருகின்றன. செல்போன் இல்லாமலே அவ்வளவு வேலை செய்திருக்கிறார்கள்.

மதியச் செய்தியில், பேசின் பிரிட்ஜுக்கும் வியாசர்பாடிக்கும் நடுவே தண்டவாளத்தில் தண்ணீர், சில ரயில்கள் தாமதம் என்றார்கள். நல்ல மழை வந்தால் இது வராமல் இருக்காது. கணேசபுரம் சுரங்கப்பாதை மூடல் என்பதும் கூடவே வரும். இந்த இரண்டையும் எழுதி வைத்துவிட்டு, தேதியை மட்டும் மாற்றி வாசிக்கலாம்.

ரயில் என்றதும் ராயபுரம் ஸ்டேஷனைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. தென்னிந்தியாவின் முதல் ரயில் 1856 ஜூலை 1 அன்று இங்கிருந்துதான் வாலாஜா ரோட்டுக்குப் போனது. சென்ட்ரல் வந்தது 1873-ல், எழும்பூர் 1908-ல். பம்பாயிலும் தானேயிலும் முதலில் கட்டிய நிலையங்கள் இன்று இல்லை. அதனால் நாட்டில் நின்றுகொண்டிருக்கிற ரயில் நிலையக் கட்டிடங்களில் மூத்தது எங்களுடையது. தூண்கள் வரிசையாக நிற்கிற அந்த முகப்பை 2005-ல் புதுப்பித்தார்கள். மூன்றாவது முனையம் ராயபுரத்தில்தான் வேண்டும் என்று பல வருஷம் கேட்டுப் பார்த்தார்கள், அது தாம்பரத்துக்குப் போய்விட்டது. இப்போது முன்பக்கம் போய் நின்றால் ஆடு மேயும், காலையில் பையன்கள் கிரிக்கெட் ஆடுவார்கள். மழையன்று ஆடுகள் தூண்களுக்கு நடுவே ஏறி நின்றுகொள்ளும். ஆளுநர் ஹாரிஸ் பிரபு திறந்து வைத்த கட்டிடம்.

சாப்பாடு முடிந்து வாசலில் உட்கார்ந்தேன். குழம்பைப் பற்றி ஒன்றும் சொல்லப்போவதில்லை, பொறாமைப்படுவீர்கள். தெருவில் முழங்காலுக்குக் கீழே தண்ணீர். டிவியில் 'தாழ்வான பகுதிகளில் தண்ணீர் தேங்கியது' என்று ஒரே வரியில் முடித்துவிட்டு வேறு பக்கம் போய்விட்டார்கள். எனக்கு ஒவ்வொரு வருஷமும் ஆறாத கோபம் இந்த இடத்தில்தான் வருகிறது.

எங்கள் வீடு தாத்தா கட்டியது. தெருவிலிருந்து வாசலுக்கு ஐந்து படி ஏற வேண்டும். மூன்றாவது படியில் சிமெண்ட் ஈரமாக இருந்தபோது யாரோ ஒரு நாலணாவைப் பதித்திருந்தார்கள். பள்ளிக்கூடத்துக்குப் போகும்போது தினமும் அதைக் காலால் தேய்த்துவிட்டுப் போவேன், பளபளப்பாக இருக்கும். இப்போது வாசலுக்கு இரண்டே படிகள். நாலணாவும் மற்ற படிகளும் தாருக்கு அடியில் இருக்கின்றன. வீடு இறங்கவில்லை. சாலை ஏறியிருக்கிறது. பழைய தாரின் மேலேயே புதுத் தார், அதன் மேல் இன்னொன்று, குழாய்க்குத் தோண்டி மூடியது, கேபிளுக்குத் தோண்டி மூடியது. பழையதைச் சுரண்டி எடுத்துவிட்டுத்தான் புதிது போட வேண்டும் என்று 2021-ல் அரசே சொன்னது. பெரிய சாலைகளில் அந்த இயந்திரம் ஓடுவதைப் பார்த்திருக்கிறேன். எங்கள் சந்துக்கு அது நுழையாதாம், விசாரித்தபோது சொன்னார்கள். எதிர்வீடு எங்களைவிடப் பழையது, அங்கே தெருவிலிருந்து உள்ளே இரண்டு படி இறங்க வேண்டும். மழை வந்தால் வாசலில் மணல் மூட்டையும் கிழிந்த போர்வையும் அடைத்துவிட்டு மக்கால் மொண்டு ஊற்றுவார்கள். அந்தக் குடும்பம் தாழ்வான பகுதிக்குக் குடி வரவில்லை. உட்கார்ந்த இடத்திலேயே அவர்களைத் தாழ்த்திவிட்டார்கள்.

இந்த ஊர் எப்போதுமே இப்படித்தான் எங்களை வைத்திருக்கிறது. 1758-59-ல் பிரெஞ்சுக்காரர்கள் முற்றுகையிட்டார்கள், அப்புறம் ஹைதர் அலியின் குதிரைகள் ஊர் எல்லைவரை வந்துபோயின. அதன் பிறகு கறுப்பர் நகரத்தை, அதாவது இன்றைய ஜார்ஜ் டவுனை, சுற்றிக் கம்பெனி மதில் கட்டியது. மேற்கு மதிலுக்கு வரி போடத் திட்டமிட்ட ஞாபகம் வால்டாக்ஸ் சாலையில் இருக்கிறது, வரி வசூல் நடக்கவில்லை. வடக்கு மதிலில் மிஞ்சிய துண்டைப் பழைய ஜெயில் சாலையில் இன்றும் பார்க்கலாம். அதன் மேல் பூங்கா போட்டு மாடிப்பூங்கா என்று பெயர் வைத்தார்கள். ராயபுரமும் வண்ணாரப்பேட்டையும் அந்த மதிலுக்கு வெளியே. துணி வெளுக்கிறவர்கள், படகோட்டிகள், மீன் பிடிக்கிறவர்கள் எல்லாம் வெளியே. பிறகு துறைமுகம், எண்ணெய்த் தொட்டி, உரம், அனல் மின்சாரம், குப்பைமேடு என்று நகரத்துக்கு வேண்டும், ஆனால் பக்கத்தில் வேண்டாம் என்கிற எல்லாமே இந்தத் திசைக்கு வந்தன. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது ஊர் முழுக்க மழைநீர் நின்றது. எண்ணூரில் அதன் மேல் எண்ணெயும் நின்றது. மணலிப் பக்கமிருந்து பக்கிங்ஹாம் கால்வாய் வழியாக வந்து, கொசஸ்தலை ஆற்றில் பரவி, படகு, வலை, சுவர் என்று எல்லாவற்றிலும் கருப்பாக ஒட்டிக்கொண்டது. மீனவர்களே வாளியும் மக்கும் வைத்து அதை அள்ளினார்கள். வேளச்சேரியில் படகு விட்டதைப் பார்த்த பிறகுதான் கேமராக்கள் எண்ணூருக்கு வந்தன.

வெளியே தள்ளிய ஊர் என்றாலும் பசித்தவர்களை இங்கேதான் அனுப்பினார்கள், அதையும் சொல்ல வேண்டும். ஹைதர் போரில் கிராமங்கள் அழிந்து ஜனங்கள் கூட்டம் கூட்டமாகச் சென்னைக்கு வந்தபோது, 1782-ல் மணியக்காரர் சத்திரத்தில் கஞ்சி ஊற்றினார்கள். அங்கே தொடங்கிய வைத்தியம்தான் வளர்ந்து இன்று ஸ்டான்லி மருத்துவமனையாக நிற்கிறது. அம்மாவுக்கு இன்னமும் அது கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி. ஆட்டோக்காரரிடம் அப்படிச் சொல்லித்தான் ஏறுவார். வயதான ஆட்டோக்காரர் என்றால் மறுபேச்சில்லாமல் வண்டியை எடுப்பார்.

மழைக்கும் இந்த வட்டாரத்துக்கும் உள்ள பெரிய கதை 1949-ல் நடந்தது. செப்டம்பர் 17 அன்று பவளக்காரத் தெரு 7-ஆம் எண் வீட்டில் கூடித் திராவிட முன்னேற்றக் கழகத்தைத் தொடங்கினார்கள். மறுநாள் மாலை ராயபுரம் ராபின்சன் பூங்காவில் பொதுக்கூட்டம். கொட்டு கொட்டென்று மழை. அண்ணா பேசினார், கூட்டம் நனைந்துகொண்டே நின்றது. செப்டம்பரில் வருவது வடகிழக்குப் பருவமழை இல்லை. பகல் வெயிலின் சூட்டில் மாலையில் திரண்டு இடியோடு வருகிற மழையாகத்தான் அது இருந்திருக்கும். இப்படிப்பட்ட மழை அரை மணியில் விட்டுவிடும் என்று தெரிந்து நின்றார்களா, தெரியாமல் நின்றார்களா என்று நான் யோசிப்பதுண்டு. எங்கள் தெருவில் தாத்தா வயதுக்காரர்கள் ஒருவர் விடாமல் அந்தக் கூட்டத்தில் நனைந்ததாகச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். அத்தனை பேரும் போயிருந்தால் மேடைக்கே இடமிருந்திருக்காது. தாத்தா மட்டும், தான் போகவில்லை, ஓட்டுக்கூரை ஒழுகியதால் வீட்டில் சட்டி வைத்துக்கொண்டிருந்தேன் என்பார். அதனாலேயே அவர் மற்றதைப் பற்றிச் சொன்னதையெல்லாம் நான் நம்பினேன்.

மூன்று மணிக்குப் பிறகு தூறல்தான். தெருத் தண்ணீர் மெல்ல வடிந்தது. மாநகராட்சி ஆட்கள் இரண்டு பேர் வந்து, இரும்புக் கம்பியால் வடிகால் மூடியைத் தூக்கி, உள்ளே அடைத்திருந்த பிளாஸ்டிக்கையும் ஒரு தலையணையையும் வெளியே இழுத்துப் போட்டார்கள். இழுத்ததும் களகளவென்று தண்ணீர் இறங்கியது. தலையணையை யார் போட்டது என்று தெருவில் ஒரு விசாரணை நடந்தது. யாரும் ஒப்புக்கொள்ளவில்லை. அம்மா இரண்டு பேருக்கும் டீ போட்டுக் கொடுத்தார்.

மகள் ஸ்கேலோடு மாடிக்குப் போய்விட்டு வந்தாள். ஆறரை சென்டிமீட்டர். ஏழுக்கு அரை குறைவு. அதே நேரத்துக்கு நுங்கம்பாக்கத்தில் அதில் பாதிகூட இல்லை என்று செய்தியில் சொன்னபோது அவள் முகத்தில் ஒரு வெற்றி. அதை காலண்டர் தாளில் குறித்து வைத்தாள். நாளைக்கு லீவு உண்டா என்பதை இந்தக் கணக்கை வைத்து முடிவு செய்யக் கூடாதா என்று கேட்டாள். கலெக்டரைத்தான் கேட்க வேண்டும். ஏழு மணிக்கு அறிவிப்பு வந்தது, நாளை பள்ளி உண்டு. ரெயின்கோட்டைத் தேட ஆரம்பித்தார்கள், போன வருஷத்துடையது அவளுக்குப் பத்தாது என்று அப்போதுதான் தெரிந்தது.

அலுவலகத்திலிருந்தும் போன். கப்பல் விடியற்காலை உள்ளே வருகிறது, எட்டு மணிக்கெல்லாம் கேட்டில் இருக்க வேண்டும். லாரிக்காரருக்கு நானே போன் பண்ணிச் சொன்னேன். வண்டி மாதவரத்தில் தண்ணீரில் நிற்கிறது, பத்து மணிக்கு முன்னால் ஆகாது என்றார். சண்டை அப்போதே தொடங்கிவிட்டது.

ராத்திரி காசிமேட்டு நண்பன் கூப்பிட்டான். கூண்டை இறக்கிவிட்டார்களாம், காலையில் டோக்கன் கொடுக்கிறார்கள். ஃபைபர் போட்டுகள் போய்விட்டு மதியத்துக்குள் திரும்பிவிடும், சங்கரா கிடைத்தால் எடுத்து வைக்கட்டுமா என்று கேட்டான். போனைப் பொத்திக்கொண்டு அம்மாவைக் கேட்டேன்.

"மொத நாளு வெலைய கேட்டாலே மயக்கம் வரும். ஒரு நாளு போவட்டும்னு சொல்லு. கொழம்பு இன்னும் ரெண்டு வேளைக்கி வரும்."